எச்சில் பந்து

இரவு ஷிப்டில், மூன்று மணிக்குக் கொஞ்சம் பின்,
பீங்கான் கைகள் வரிசையாகப் பாலில் முங்கி எழும்.
ஆயிரம், பத்தாயிரம், எல்லாமே ஐந்து விரல்.
கிழிந்த உறையைப் பொறுக்கும் பெஞ்சில் நான்.
வலது கையில் நாலு.

சுட்டுவிரல் சங்கிலிக்குப் போய்ப் பதினான்கு மாதம்.
சுங்கைப் பட்டாணி சொக்சோ அலுவலகத்தில்
கைப்படம் அச்சடித்த தாளொன்றில்
சிவப்புப் பேனாவால் ஒரு விரலை அடித்துவிட்டு
"எழுத முடியுதா இந்தக் கையாலே?" என்றார் அதிகாரி.
எறிய முடியுமா தெரியவில்லை என்றேன்.
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

கெடாவுக்கு இரண்டு வருடம் சாஃப்ட்பால் எறிந்தவள்.
பீடோங் திடலில் என் பந்து போய் விழுந்தால்
ஹஸ்னித்தாவின் கையுறைச் சத்தத்துக்கு
ஒட்டுக்கடையில் தே ஆற்றுகிறவர் நிமிர்ந்து பார்ப்பார்.

மருத்துவ லீவில் ஃபோனைத் துழாவினேன்:
விரல் இல்லாமல் எறிந்தவர் யாராவது?
இருந்திருக்கிறார், அமெரிக்காவில், நூறு வருடத்துக்கு முன்.
தீவனம் வெட்டும் இயந்திரம்
சின்ன வயதிலேயே சுட்டுவிரலைத் தின்றுவிட்டது.
ஆறுவதற்குள் முயலைத் துரத்தி விழுந்து
(பன்றி என்றும் சொல்கிறார்கள்)
மிச்ச விரல்களும் கோணிப்போயின.
அந்தக் கோணலில் சுழன்ற பந்து
மட்டைக்கு முன்னால் வந்து
படியே இல்லாத இடத்தில் படி இறங்கியதாம்.
பேரை விட்டுவிட்டு 'மூன்று விரல்' என்றே கூப்பிட்டார்கள்.
எங்கள் லைனிலும் அப்படித்தான். கூப்பிடட்டும்.

பிறகு தூக்கம் வராத இரவுகளில் மற்றவர்களும் வந்தார்கள்,
பழுப்புப் படங்களில், தொளதொளத்த கால்சட்டையில்,
கறுத்துப்போன ஒரே பந்தைப் பொழுது சாயும்வரை எறிந்தபடி.
ஒருவனுக்கு ரயில் என்று பட்டம்.
ஒருவன் ஞாயிற்றுக்கிழமை எறியவே மாட்டான்,
தாய்க்குக் கொடுத்த வாக்கு.
எனக்கு ஞாயிறு மட்டும்தான் ஓய்வு, தம்பி.

பந்துக்குள்ளே ரப்பர் வைத்திருந்தார்களாம்.
இந்தப் பக்கத்துக் கித்தா மரமா, யார் கண்டது.
இருந்தாலும் எனக்கென்ன, காசா வந்தது?

சிலர் எச்சில் தொட்டு எறிந்தார்கள்.
புகையிலைச் சாறு, மென்ற மரப்பட்டைக் கொழகொழப்பு.
நேராக வரும் பந்து
கடைசி முழத்தில் செத்து விழும்.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதில் சட்டம் வந்தது:
எச்சில் கூடாது.
ஆனால் அதை நம்பியே பிழைத்த பதினேழு பேருக்கு
ஓய்வு பெறும்வரை விலக்கு.

எச்சிலுக்கு விலக்கு!
எங்கள் வீட்டில் போத்தலை அண்ணாந்துதான் குடிக்க வேண்டும்.
கல்யாண மண்டபத்தில் எச்சில் இலை யார் எடுப்பதென்று
நாற்காலி பறந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

போன ஞாயிறு. ஜெராய் மலைக்குப் பாதி முகம் மேகம்.
குலை ஏற்றிய செம்பனை லோரி தூசி கிளப்பிப் போக
மூன்று பிள்ளை பெற்ற இடுப்பைப் பிடித்துக்கொண்டு
ஹஸ்னித்தா குந்தினாள்.
முதல் பந்து சாக்கடையில்.
அடுத்தது யாருடைய மோட்டார் சைக்கிளிலோ.
பந்து கையைவிட்டுக் கிளம்புகிற இடத்தில்
இல்லாத விரல் இன்னும் அழுத்திக்கொண்டிருந்தது.

சுற்றிலும் பார்த்தேன்.
நடுவிரலை நக்கினேன்.
ஈரத்தைத் துடைக்கவில்லை. விதிப்படி குற்றம்.
இடுப்போரம் கை சுழன்று வர
வழுக்கித்தான் போனது, ஆனால்
அவள் உறை மேலே காத்திருக்க
கீழே விழுந்து முழங்காலில் மோதியது.

மலாயில் ஒரு கெட்ட வார்த்தை.
பிறகு பந்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்,
தையல் பக்கம் ஈரம் மினுங்குவதை.
என்னையும் பார்த்தாள்.
மேற்சட்டை நுனியில் தேய்க்கப் போன கை
அங்கேயே நின்றது.

"லாகி," என்றாள்,
துடைக்காமலே எறிந்தாள்.