ஏழில் தட்டுவது

ஆற்றிலிருந்து ஏறிய மூடுபனி
பியாசென்சாவின் ஸ்கூட்டர்களை ஒவ்வொன்றாக விழுங்கிய நவம்பரில்
வந்து இறங்கினார்கள் பார்லி கிளார்க்ஸ்.
பார்லிக்கும் கிளார்க்குக்கும் என்ன சம்பந்தம்?
அவர்களுக்கே தெரியாதாம்.

கூடைப்பந்து அரங்கம். எனக்குப் பத்தொன்பது.
பாலாடைக்கட்டித் தொழிற்சாலையின் உப்பு
விரல் வெடிப்புகளில் எரிந்துகொண்டிருந்தது.
முன்னால், டிக்கெட் எடுக்காமல் வேலி தாண்டிய
செங்கொடிப் பையன்கள்.

முதல் பாட்டுக்கே கை தட்டினோம், நாலு நாலாக.
பாட்டோ ஏழாக ஓடியது.
கை ஒரு பக்கம், டிரம்ஸ் ஒரு பக்கம்.
வெட்கப்பட்டு ஒவ்வொருவராகக்
கையை மடிக்குள் ஒளித்தோம்.

இருபது நிமிடப் பாட்டு. ஒரு சொல் புரியவில்லை.
பின்னால் ஒருவன் அர்த்தம் எழுதித் தந்தான்:
வரி கட்டாத இடையன், ஒரு பாலம், நீதிபதியின் பல்வலி.
புரியாமலே இருந்திருக்கலாம்.

அப்புறம் மின்சாரம் போயிற்று.
ஆர்கன் ஒரு முனகலோடு அடங்கியது. கிதார்கள் வெறும் கம்பிகள்.
குட்டையான அந்தப் புல்லாங்குழல்காரன் மட்டும் நிறுத்தவில்லை;
நிறுத்த அவனுக்கு ஸ்விட்ச் ஏது?
அவ்வளவு இரைச்சலுக்கும் அடியில் கிடந்த பழைய மெட்டு
வெறுங்காலோடு எழுந்து வந்தது.
நாலாயிரம் பேர் இருமலை விழுங்கினோம்.
எவனோ லைட்டரைப் பொருத்த, அந்த வெளிச்சத்தில்
பக்கத்து இருக்கைக்காரன்
தன் முட்டியில் தட்டிக்கொண்டிருந்தான்:
மூன்று, இரண்டு, இரண்டு.
இவானோ என்று பெயர்.

எங்கள் கல்யாணத்தில் அதற்குத்தான் ஆடினோம்.
ஆட முடியாத பாட்டு.
அவன் அத்தை பாதியில் ஒரு செருப்பைத் தொலைத்தாள்.
பால் டேங்கரின் ஸ்டியரிங்கில் ஏழு தட்டித்தான்
அவன் கியர் மாற்றுவான்.
மகளின் தொட்டிலையும் ஏழில் ஆட்டினோம்;
அவள் தூங்கவே இல்லை, சரியாகச் சொன்னால்,
மூன்று வயதுவரை.

போன மாதம் திரும்பி வந்தார்கள். மூன்று பேர்தான் மிச்சம்.
குழல்காரனுக்கு முன்பல் போய்க் காற்று கசிகிறது.
அரங்கம் நிறைய வழுக்கை,
காதுக்கருவிகளின் கீச்சு.
பாட்டு தொடங்கியதும் தட்டினோம்,
ஏழு, ஒரு கைகூடப் பிசகாமல்.
இந்த முறை பிசகியவன் அவன். அரை தட்டு தாமதம்.
ஏழரை! என்று உள்ளுக்குள் சிரித்தேன்.
யாரும் அவனைத் துரத்தவில்லை;
மொத்த அரங்கமும் அந்த அரைக்காகக்
கையை அந்தரத்தில் நிறுத்தியது.

பக்கவாட்டில், மூன்றாவது வரிசையில் இவானோ.
விவாகரத்தாகிப் பதினாறு வருடம்.
நாற்காலி, அலமாரி, ரெக்கார்டுகள் எல்லாம்
வக்கீல் முன் பிரித்துக்கொண்டோம்.
முட்டியைப் பார்த்தேன்.
மூன்று, இரண்டு,