பதினொரு வள்ளம்

வலைப்பாட்டில் காலை ஆறேகாலுக்குக்
கடல் முழங்காலளவு.
செருப்பை வாடிக் கூரையில் சொருகிவிட்டு
கமராவின் வாரைக் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி
சேற்றுக்குள் இறங்கினேன்.

மண்ணெண்ணெய் மானியப் படிவத்துக்கு
வள்ளத்துக்கு ஒரு படம்.
இலக்கம் தெரியவேணும், என்ஜின் தெரியவேணும்,
உரிமையாளர் பக்கத்தில் நிற்கவேணும்.
சிரிக்கத் தேவையில்லை.

இலக்கம் அணியத்தில், என்ஜின் பின்னால்.
இரண்டையும் ஒரு சட்டத்துக்குள் கொண்டுவரப்
பின்னே பின்னே போகவேணும்,
இடுப்பளவு தண்ணீர் வரும்வரை.
நான் குறிபார்த்து மூச்சைப் பிடிக்க
வள்ளம் நங்கூரக் கயிற்றில் மெல்லத் திரும்பி
முதுகைக் காட்டும்.
கல்யாண வீட்டுச் சின்னப்பிள்ளைகளும் இப்படித்தான்.

பச்சை உரிந்த இடத்தில் நீலம்,
நீலம் உரிந்த இடத்தில் வேறொரு பச்சை.
'தெய்வ கடாச்சம்' என்று எழுத்துப் பிழையோடு ஒன்று.
வயிறு நிறைய ஒட்டுப்போட்ட ஒன்று;
எதனால் என்று நான் கேட்கவில்லை,
பிலேந்திரனும் சொல்லவில்லை,
ஒட்டுத் தெரியாத பக்கமாக மட்டும் வந்து நின்றார்.

ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் கரையிலிருந்து குரல்:
"தங்கச்சி, ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டு எடுங்கோ."
வலையில் நண்டு கழற்றிக்கொண்டிருந்த அருளாசினி
எனக்குப் பின்னால் எதையோ பார்ப்பாள்,
பிறகு சீனி போதுமா என்பாள்.
நான்கு தேத்தண்ணி குடித்தேன்.

இரவு முழங்காவில் ஸ்ரூடியோவில்
படங்களைப் பெரிதாக்கினேன்.
மூன்றாம் வள்ளத்து என்ஜின் மூடியின் இடது மூலை உடைந்து,
சிவப்பு ரேப் சுற்றியிருந்தது.
நான்காவதிலும் இடது மூலை, சிவப்பு ரேப்.
ஆறில், ஏழில், ஒன்பதில்.

வெளிச்சம் பார்க்கத் தட்டிய ஒரு படம்
இடையில் கிடந்தது:
றெஜினோல்ட் தோளில் அந்த என்ஜினைச் சுமந்து
ஒரு வள்ளத்திலிருந்து இன்னொரு வள்ளத்துக்கு
இடுப்பளவு தண்ணீரில் நடக்கிறான்.
அவன் சாரத்தின் நுனியை யாரோ பிடித்திருக்கிறார்கள்,
நனையாமலிருக்க.

அடையாள அட்டைக்கு வருகிறவர்களின் பருவை
அழித்துக்கொடுப்பவள்தான் நான்.
மூன்று படத்தில் வெளிச்சத்தைக் கூட்டினேன்,
சிவப்பு வெள்ளைக்குள் போயிற்று.
ஒன்றில் நிழலைக் கொஞ்சம் இழுத்துவிட்டேன்.
ஒன்றை அப்படியே விட்டேன்.
ஏனென்று தெரியாது, நித்திரை வந்திருக்கலாம்.

அடுத்த கிழமை பாக்கிக் காசுக்குப் போனபோது
அலைவாயில் ஒரு வள்ளம் வெளிக்கிட்டது.
அதன் பின்னால் கயிற்றில் இன்னொன்று,
அதன் பின்னால் இன்னொன்று,
கடைசியில் கடாச்சம்.
நான்கு வள்ளம், ஒரு சத்தம்.

கமரா பைக்குள்ளேயே கிடந்தது.
காசு பிறகு தாறம் என்று
இரண்டு கிலோ நண்டு தந்தார்கள்.
பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ஒன்று
பையைச் சுரண்டிக்கொண்டே வந்தது.