மரலினி, பெண்

தொண்ணூற்றெட்டு, ஆனி மாதம்.
எனக்குக் கடைவாய்ப் பல்லில் வலி.
கிராம்பை அடக்கிக்கொண்டு
அம்மாப்பேட்டை மண்டல அலுவலகத்தில்
பிறப்புச் சான்றிதழ் தட்டிக்கொண்டிருந்தேன்.
ஜன்னலுக்கு வெளியே ஓடிய விசைத்தறிகள்
பல்லுக்குள்ளும் ஓடின.

மலரினி என்று எழுதிக் கொடுத்திருந்தார்
செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்குப் பற்றவைக்கும்
சித்தேஸ்வரன்.
என் விரல்களுக்குக் கீழே
லகரமும் ரகரமும் மாறி உட்கார்ந்துகொண்டன,
டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் கேட்டு
மாறிக்கொள்கிறவர்களைப் போல.
இகரக் கொக்கி மட்டும்
இருந்த இடத்திலேயே தொங்கியது.

மூன்றாம் நாள் தாளோடு வந்தார்.
திருத்தலாம் என்றேன்:
மனு, வில்லை, நோட்டரி, மேலே ஒரு கையெழுத்து,
எப்படியும் இரண்டு நாள் கூலி போகும்.
கூலி என்றதும் தன் கையைப் பார்த்தார்.
நகக்கண்களில் வெள்ளித் தூள்.
"இருந்துட்டுப் போவுதுங்க.
வேற எந்தப் புள்ளைக்கும் இருக்காதுல்ல?"

இல்லைதான்.
இருபத்திரண்டு வருஷம்
அந்தப் பெயர் ஒற்றையாய் இருந்தது.
வருகைப் பதிவேட்டில் அதை மலராக்கியிருப்பார்கள்,
ரேஷன் கார்டில் மாலினி ஆகியிருக்கும்.
எனக்குத் தெரியாது.
நான் மற்றவர்களின் பிறப்பைத் தட்டிக்கொண்டிருந்தேன்,
இடையிடையே இறப்பையும்.

பெரியாஸ்பத்திரிப் பதிவறைக்கு மாற்றலாகி வந்த பிறகு
ஒரு மாசியில்
மரலினி, பெண், என்றொரு விண்ணப்பம்.
மறு வாரம் இன்னொன்று, கிச்சிப்பாளையம்.
சித்திரைக்குள் நாலு.
கேட்டே விட்டேன், யார் வைத்த பெயர் என்று.
"ராத்திரி சிஸ்டர் பேருங்க.
கொடி கழுத்தச் சுத்திக் கிடந்துச்சு. அவங்கதான்..."
அந்தத் தாய் சொல்லி முடிக்கவில்லை.
பெயர்ப்பட்டை குத்தும் இடத்தில்
தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

அப்புறம் அது நிற்கவில்லை.
ஏற்காட்டு மலைப்பாதையில்
பதினெட்டாம் கொண்டை ஊசி வளைவில்
ஆம்புலன்சுக்குள் பிறந்த
காப்பித் தோட்டத்துக் குழந்தைக்கும் அதே பெயர்.
அரிசிபாளையத்து எண்கணிதக்காரர்
இரண்டு ஆங்கில எழுத்து கூட்டி ராசியாக்கினார்.
பழைய பஸ் ஸ்டாண்டில் விற்கும் பெயர்ப் புத்தகம்
மரகத ஒளியாள் என்று பொருள் போட்டது.
கூச்சமே இல்லாமல்.

ஒரு தமிழ் வாத்தியார், பேத்திக்குப் பதிய வந்தவர்,
கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்:
"மரல் பழைய சொல்லம்மா.
எல்லாம் காய்ந்த பிறகு மான் கடிக்கிற செடி.
நார் எடுத்தால் வில்லுக்கு நாண்.
யாரோ படிச்சவங்கதான் வச்சிருக்கணும்."
ஆமாம் சார் என்றேன்.
ரசீது கிழித்துக் கொடுத்தேன்.

அவளை ஒரே ஒருமுறை பார்த்தேன், கேன்டீனில்.
நின்றபடி டீ குடித்துக்கொண்டு
ஒரு காலால் மறுகாலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.
பட்டையைப் படித்தேன்.
அவள் என்னைப் பார்த்து, "சர்க்கரை வேணுமாக்கா?" என்றாள்.
போதும் என்றேன்.

நேற்று புதிதாய்ச் சேர்ந்த பையன்
கணினி முன்னால், நல்ல எண்ணத்தில்,
ஒருவர் தாளில் மலரினி என்று திருத்திவிட்டான்.
வந்தவர் கொதித்துப் போனார்.
"படிச்சவங்கதானே நீங்க? எம் புள்ள பேரு
அது இல்லைங்க!"

நகரச் சொல்லி நான் உட்கார்ந்தேன்.
மகரம். ரகரம்.
லகரம், அதன் கொக்கி.
னி.
சரியாக வந்தது.

அந்தப் பல்லைப் பிடுங்கி எத்தனையோ வருஷமாயிற்று.
அந்தப் பெயரை வாய்க்குள் சொல்லிப் பார்க்கையில்
ரகரத்துக்கும் லகரத்துக்கும் நடுவே
நாக்கு கொஞ்சம் விலகி
அந்த இடைவெளிக்குப் போய்விட்டு வருகிறது.