ஒரு நூல்

காங்கயம் ரோட்டில் பேக்கரிக்கு மேல்மாடி.
மூன்று மேசை; இரண்டில்தான் பச்சைத்துணி கிழியாமல் இருக்கும்.
ஷிப்ட் முடிந்து ஏழரைக்கு நான் படியேறினால்
எவனாவது ஒருத்தன் திரும்பிப் பார்ப்பான்.
தோற்ற பிறகு பார்க்கமாட்டான்.

தீபாவளி போனஸில் வாங்கியது என் க்யூ.
ஆறாயிரத்து ஐந்நூறு, மேப்பிள் மரம்,
நடுவில் திருகிப் பிரிக்கலாம்.
செக்கிங் டேபிளில் பனியனைத் திருப்புவதுபோல
ட்யூப்லைட்டுக்கு நேரே உருட்டிப் பார்த்தேன்:
ஓட்டை இல்லை, ஆயில் கறை இல்லை, ஊசிக்கோடு இல்லை.
பாஸ்.

கல்லாவில் இருந்த துளசிமணி விடவில்லை.
"மரையில மாட்டற மூடி, ஜோடி எண்ணூறுங்க்கா.
தோல் பை மூவாயிரத்தி எரநூறு.
டிப்புக்கு ஒரு தொப்பி. தொடைக்க ஒரு துணி..."
தொடைக்க ஒரு துணி!
திருப்பூரில், அதுவும் எனக்கு,
நூற்றைம்பது ரூபாய்க்குத் துணி விற்கிறான்.

பை என்பது நான் ஆறு நாள் நிற்பது.
காப்பாற்றுகிற பொருள்
காப்பாற்றப்படுகிற பொருளில் பாதி விலை என்றால்
அதைக் காப்பாற்ற இன்னொன்று வேண்டாமா?
படியிறங்கும்போது சத்தமாகவே கேட்டேன்.

கட்டிங்கில் யுவராணி ஒரு அட்டைக்குழாய் தந்தாள்,
துணி தீர்ந்த ரோலின் நடுத்தண்டு.
அதிகமான நீளத்தை ஹேக்சாவால் அறுத்தோம்.
ரிஜெக்ட் ஆன ரிப், குழாயாகவே பின்னியது;
ஒரு முனையில் ஓவர்லாக் ஓட்டினால் உறை.
மூடிக்கு அனுப்பர்பாளையம் போனேன்.
பட்டறை லேத்தில் பித்தளைத் துண்டைக் கடைந்துகொண்டே
"கோலாட்டத்துக்குங்களா?" என்றார்.
ஆமாங்க என்றேன். தொண்ணூறு ரூபாய்.

மூடி வேலை செய்தது.
எங்கள் காற்றில் பஞ்சு பறக்கும்:
மூக்கில், டிபனில், காதுத்தோட்டின் திருகில்.
மூடியில்லாத மயிலானந்தனின் க்யூ
ஒவ்வொரு அடிக்கும் டிக்கென்று பல்லைக் கடிக்கும்.
என்னுடையது பேசாது.
ஒருநாள் மூடி கைதவறி மேசைக்கடியில் உருண்டது.
கருப்புப் பந்து பாக்கெட் வாயில் காத்திருக்க,
ஆறு ஆம்பிளைகள் மொபைல் வெளிச்சத்தில்
முட்டிபோட்டுத் தேடினார்கள்.
தொண்ணூறு ரூபாய் அங்கேயே வசூல்.

அட்டையைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும்.
ஐப்பசியில் நொய்யல் இரண்டு கரையும் தொட்ட சாயங்காலம்
ஸ்கூட்டியில் கட்டிக்கொண்டு போனேன்.
ரெயின்கோட் எனக்கு இருந்தது.
வீட்டில் இறக்கினால் குழாய், நனைந்த அப்பளம்.
அன்றிரவே கண்டெய்னர் போகவேண்டும் என்று ஆளனுப்பினார்கள்;
மூன்று ராத்திரி இருபதாயிரம் பீஸ் பார்த்தோம்.
அது ஈரத்திலேயே கிடந்தது.
நாலாம் நாள் மேசைமேல் உருட்டினேன்.
நுனி தலையாட்டியது.
துளசிமணி ஒரு கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்:
"ஒரு நூலு இருக்குங்க்கா."

நூல்.
முப்பதா நாற்பதா என்று கவுண்ட் கேட்கிற ஊரில்
தச்சன் கணக்கில் ஒரு நூல்.
என் மேசைக்கு வந்திருந்தால்
சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளியிருப்பேன்.

சம்பளத்தன்று தோல் பை வாங்கினேன்.
"கோணினதுக்கப்பறம் எதுக்குங்க்கா?" என்றான்.
பேரம்கூடப் பேசவில்லை என்பது
இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது.

கம்பெனிப் பெயர் மேலே தெரியப் பிடித்தால் வலதுக்கு இழுக்கும்,
கீழே போகப் பிடித்தால் இடதுக்கு.
இது மயிலானந்தனுக்குத் தெரியாது.
போன வாரம் நூறு ரூபாய் கொடுத்தான்.

புதுப் பையன்கள் கேட்டால் சொல்வேன்:
மூடி வாங்கு. தொப்பி வேண்டாம்.
துணிக்குக் காசு கொடுத்தால் உன்னோடு ஆடமாட்டேன்.
பையைப் பற்றி
மழை பார்த்துச் சொல்கிறேன்.

தினமும் கேட்டில் செக்யூரிட்டி நிறுத்துகிறார்,
பீஸ் கீஸ் ஒளித்திருப்பேனோ என்று.
"என்னங்ம்மா, துப்பாக்கிங்களா?"
ஜிப்பைத் திறக்கிறேன். பித்தளை மூடியைத் திருகிக் காட்டுகிறேன்.
குனிந்து, நுனிவரை பார்த்துவிட்டு
"நேரா இருக்குதுங்" என்று அனுப்பிவிடுகிறார்.