டிராம் டிக்கெட் நுழையும் ஆழம்

ஊதுவாயின் கறுப்பு ரப்பரில்
இரண்டு பள்ளங்கள்.
என் முன்பற்கள் பதினெட்டு வருடம்
கடித்துக் கடித்துத் தோண்டியவை.
ஒன்றில் இப்போது ஆள் இல்லை.

பிப்ரவரி. பணிமனை வாசல். காலை நாலேகால்.
உப்புத் தூவும் வண்டி வந்திருக்கவில்லை.
முதலில் கால் போனது,
பிறகு நான் போனேன்,
கடைசியாகப் பல்.
அன்றைக்கு எட்டாம் எண்ணை வேறு யாரோ ஓட்டினார்கள்.

டாக்டர் ஷ்டெபான்கோவா பீங்கானில் ஒன்று வைத்தார்.
நல்ல பல். என்னுடையதைவிட வெள்ளை.
சிரிக்கச் சொன்னார், சிரித்தேன்.
ஆப்பிள் கடிக்கச் சொன்னார், கடித்தேன்.
ஊதச் சொல்லவில்லை.

வீட்டில் கிளாரினெட்டைப் பொருத்தினேன்.
பழைய பள்ளத்தைத் தேடிப் போன புதுப் பல்
பூட்டு மாற்றிய வீட்டு வாசலில்
பழைய சாவியோடு நின்றது.
ஒரு மயிரிழை நீளம் கூடுதல், அவ்வளவுதான்.
அந்த மயிரிழைக்காகத் தாடை இறங்கியது,
தாடைக்காக உதடு நகர்ந்தது,
உதட்டுக்காகக் கழுத்து,
கழுத்துக்காகச் சமையலறை நாற்காலி.

நுனியில் கவ்வினால்
குவளைக்குள் மாட்டிக்கொண்ட கொசு.
துணிந்து உள்ளே தள்ளினால்
வாத்து.
இரண்டுக்கும் நடுவில் எங்கோ என் குரல்.
பக்கத்து வீட்டு ஓல்ட்ரிஹ் சுவரில் தட்டினார்.
மூன்று தட்டு. வழக்கமாக இரண்டுதான்.

மூன்று வாரம் ஒத்திகையில்
ஊதுவதாக நடித்தேன்.
ப்ர்னோ டிராம்வே பேண்டில் ஏழு கிளாரினெட்,
ஒன்று ஊமையானால் யாருக்குத் தெரியும்?
பேண்ட் மாஸ்டர் ஹ்ருஷ்காவுக்குத் தெரிந்தது.
ஒன்றும் சொல்லாமல்
என் பக்கம் கையைச் சற்றே தாழ்த்திக்கொண்டார்.
திட்டியிருக்கலாம்.

லீஷென், கடைசி நிறுத்தம், ஒன்பது நிமிட ஓய்வு.
சீருடைப் பையில் ஊதுவாய் மட்டும்.
இருக்கைக்கு அடியில் யாரோ போட்டுப்போன டிக்கெட்.
சீவாளிக்கும் ரப்பருக்கும் இடையே
அதைச் செருகினேன். சும்மாதான்,
கை சும்மா இருக்காது எனக்கு.
கொஞ்ச தூரம் வழுக்கிப் போய்
நின்றது.
அதுவரை காற்றுக்கு வழி இருக்கிறது.
அதற்கப்பால் சீவாளி ரப்பரோடு படுத்துவிடுகிறது.
அட்டவணைப் பென்சிலால் அங்கே ஒரு கோடு போட்டேன்.

இத்தனை காலம் மேலேயே பார்த்திருந்தேன்,
பல் எங்கே உட்காருகிறதென்று.
கேட்டிருக்க வேண்டியது
கீழுதட்டை.

உதட்டைக் கோட்டின்மேல் வைத்தேன்.
பல் தானாக வந்து இறங்கியது,
பள்ளத்தைத் தாண்டி, எள்ளளவு உள்ளே.
பழைய இடமும் சரியான இடம் இல்லை!
பதினெட்டு வருடம், இரண்டு கல்யாண ஊர்வலம்,
கணக்கில்லாத சவ ஊர்வலம்,
ஒரு மேயரின் முன்னிலையில் தனி வாசிப்பு,
எல்லாவற்றையும்
எள்ளளவு பயந்தே ஊதியிருக்கிறேன்.
யாரும் சொல்லவில்லை.
அந்த மேயர் கைகூடத் தட்டினார்.

ஊதுவாயைத் தனியே ஊதினால் ஒரே சுரம்தான்.
அழகில்லை, ஆனால் கோணல் இல்லை.
வெளியே நிறுத்தத்தில்
ஒரு கிழவரின் நாய் காதை நிமிர்த்தியது.
இன்னொரு முறை ஊதினேன், நாய்க்காக.
ரேடியோ கரகரத்தது:
எட்டாம் எண், ஏன் இன்னும் நிற்கிறீர்கள்?
நாற்பது வினாடி தாமதம்.
காரணம் என்ற கட்டத்தில்
'கதவு' என்று எழுதினேன்.

வியாழக்கிழமை போல்காவில்
பன்னிரண்டாவது அடியில் வாத்து பறந்தது.
ட்ரம்பெட்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.
ஹ்ருஷ்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு
என் பக்கம் கையை
பழைய உயரத்துக்குத் தூக்கினார்.

டிக்கெட் இப்போது கிளாரினெட் பெட்டியில் இருக்கிறது.
எழுபத்தைந்து நிமிடம் செல்லும் என்று அச்சிட்டிருக்கிறது.
காலாவதியாகி நாளாயிற்று.
தினமும் ஒருமுறை
செருகிப் பார்க்கிறேன்.