ஐந்தாம் எண் டிராம்

ஆப்பிள் கொட்டித் தீரும் செப்டம்பரில்
லாட்வியாவில், டௌகவா ஆற்றங்கரையின் எங்கள் ஊரில்
வேலியோரம் வாளி வைப்போம்.
மேலே ஓர் அட்டை: எடுத்துக்கொள்ளுங்கள்.
யாரும் காசு வைப்பதில்லை,
மரத்தைத் தன் பெயருக்கு எழுதிக்கொள்வதுமில்லை.

அப்படித்தான் வைத்தேன் அந்தப் பதினெட்டு வரிகளையும்.
யூரிஸைப் புதைத்த நாலாம் நாள்,
மருத்துவமனைச் சலவை அறையில்
இயந்திரம் சுற்றி நிற்பதற்குள் எழுதியது.
போனில் எழுதி, போனிலேயே உலகத்துக்கு விட்டேன்.
கீழே என் பெயர்: வெல்தா ஓஷ்கால்னா.

அதில் ஒரு தப்பு உண்டு.
"ஐந்தாம் எண் டிராமில் உன்னிடம் வருகிறேன்."
ஐந்து கல்லறைக்குப் போகாது. மூன்றுதான் போகும்.
அழுகிறவளுக்கு எண் எதற்கு?
திருத்தாமலே விட்டேன்.

இரண்டு வருடம் கழித்து
கல்லறை வாசல் பூக்கடையில்
கறுப்பு விளிம்பிட்ட இரங்கல் அட்டை, ஒன்று எண்பது யூரோ.
உள்ளே என் பதினெட்டு வரி. ஐந்தாம் எண் டிராம்.
அடியில்: ஐனார்ஸ் ப்ரூவெலிஸ்.
ஆறு வாங்கினேன்.
மீதி இருபது சென்டுக்கு
பூக்காரி தீப்பெட்டி தந்தாள்.

வக்கீல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:
சும்மா கொடுத்ததுதானே அம்மா,
நஷ்டம் எவ்வளவென்று போடுவது?
சும்மாதான் கொடுத்தேன்.
எனக்கு அது சும்மா வரவில்லை.
அதை அவர் குறித்துக்கொள்ளவில்லை.

ப்ரூவெலிஸுக்கு நானே எழுதினேன், ஒரே கேள்வி:
ஐந்தாம் எண் டிராம் எங்கே போகிறது, ஐயா?
ஒன்பது நாள் கழித்துப் பதில்:
சின்ன வயதில் அம்மாவோடு போவேன் அதில்,
மறக்க முடியாத பயணம்.

அடுத்த மாதம் புது அட்டை.
அதே விலை, அதே பெயர்.
"மூன்றாம் எண் டிராமில் உன்னிடம் வருகிறேன்."
பூட்டைக் காட்டப் போய்
சாவியையும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

பழைய ஆறும் அலமாரியில்
தலையணை உறைகளுக்கு அடியில் இருக்கின்றன.
திருத்தினானே, அதுவே சாட்சி என்கிறார் வக்கீல்,
இப்போது கொஞ்சம் உற்சாகமாக.

போன ஞாயிறு
யூரிஸிடமிருந்து நாலு வரிசை தள்ளிப் புது மண்.
பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாள், பேனா எழுத்து.
மழை லேசாக உள்ளே இறங்கியிருந்தது.
என் வரிகள்தான். ஐந்தாம் எண்தான்.
கடைசியில் இப்படி:
எழுதியது யாரென்று தெரியவில்லை. நன்றி.

பையில் பேனா இருந்தது.
எடுக்கவில்லை.
உறையின் வாயை மடித்து
ஒரு கல்லை வைத்தேன்.

திரும்பும்போது மூன்றை விட்டுவிட்டு
பாலம் வரை நடந்தேன்.
ஐந்து காலியாக வந்தது.
ஏறி, அது முடிகிற இடம் வரைக்கும் போனேன்.
அங்கே ஒரு டயர் கடையும்
நாய் ஒன்றும் இருந்தன.