கலப்பத்து

தாருகானாவில் வற்றம் ஐந்து மணி நேரம்.
சேற்றில் சாய்த்த பாய்க்கப்பல்
எழுந்திருக்க மனமில்லாத எருமைபோல் கிடக்கிறது,
ஒரு விலா வெயிலுக்கு,
மறு விலா நண்டுகளுக்கு.

கொட்டலசு சுரண்டியாயிற்று.
ஓலைத்தீ அடிப்பலகையை நக்கிவிட்டுப் போயிற்று.
புழு தின்ற தேக்கில் விரல் வைத்தால்
டீயில் ஊறிய ரஸ்க் மாதிரி உள்ளே போகிறது.

"உன் பஞ்சுதான் கெட்டது" என்கிறார் காசிம் தாண்டேல்,
இந்தியில், மராத்தியில்,
பிறகு எனக்குத் தெரிந்த ஒரே குஜராத்தி வசவில்.
பஸ்ராவில் ஏற்றிய பேரீச்சை
நாற்பது மூட்டை உப்புக் கரிக்கிறதாம்.

நான் வாய் திறக்கவில்லை.
கொக்கியை தேவ்ஜியிடம் கொடுத்தேன்:
பிடுங்கு.

பலகைச் சந்திலிருந்து பஞ்சு வந்தது,
முழம் முழமாய், கறுத்து, நாறி.
நான் திரிக்கும் பஞ்சில் பத்து முழத்துக்கு ஒருதரம்
சிவப்பு நூல் ஒன்று ஓடும்.
கிழிந்த புடவையின் கரை. அழகுக்கு அல்ல.
"இது உன் பஞ்சென்று யார் சாட்சி?" என்று ஒருத்தன்
கூலி தராமல் போன வருடத்திலிருந்து.

ஏராவிலிருந்து நீர்க்கோடு வரை
சிவப்பு இல்லை.
அணியத்துப் பக்கம் மட்டும் ஒரு சாண் வந்தது:
நூல், சுற்றிலும் பஞ்சு
உலர்ந்து, வெள்ளையாக.

தாண்டேல் தொப்பியைக் கழற்றி
உள்ளே எதையோ தேடினார்.
"ரத்னகிரியில் ஒருதரம் அடைத்தோம்,
மறந்துவிட்டேன்."

மூட்டைக்கு இரண்டு ரூபாய் கூட்டினேன்.
பேரம் பேச அவருக்கு நேரமில்லை,
ஓதம் சேற்றை முகர ஆரம்பித்திருந்தது.

உளி, கொட்டாப்புளி, பஞ்சு.
முதல் அடிகள் பொத் பொத்தென்று விழும்,
பிறகு சட்டென்று டங்.
டங் கேட்டபின் இன்னொரு அடி
பலகையைப் பிளக்கும். தேவ்ஜிக்குத் தெரியும்.
இந்த வேலையை அவன் கலபத் என்கிறான்,
தூத்துக்குடியில் என் அப்பன் கலப்பத்து என்பார்.
யார் யாரிடம் வாங்கிய கடனோ,
அதை மட்டும் இங்கே யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

குங்கிலியம் காய்ச்சி ஊற்றினோம்.
சுண்ணாம்பும் கொழுப்பும் குழைத்து அப்பும்போது
முழங்காலில் தண்ணீர்.
கப்பல் ஒரு முனகலோடு நிமிர்ந்தது.

"கசிகிறது!" மேலிருந்து தாண்டேல்.

கசியும். ராத்திரி முழுக்க இறையுங்கள்.
வெயிலில் காய்ந்த மரம் ஊற வேண்டும்,
ஊறினால் பலகையைப் பலகையே நெருக்கும்.
கடைசி அடைப்பு கடல் போடுவது.

"எத்தனை வாளி?"

நான் பஞ்சுக்காரி, பாய்.
வாளிக் கணக்கு உங்களுடையது.